சோதனை அறைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர்களின் தரவுத் தொகுதிகளைக் காப்பு எடுத்து வைக்கவும், வேண்டும்போது மீட்டெடுக்கவும் பயன்படும் எங்கள் சிறிய கட்டற்ற மென்பொருளின் ஒவ்வொரு வெளியீடும் இனி லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும், இன்டெல், ஆர்ம் ஆகிய இரு வகைச் செயலிகளிலும், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரோடும் பாட்மேனோடும் தானாகவே சோதிக்கப்பட்ட பிறகே பயனர்களின் கைக்குச் செல்லும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் நடந்துவரும் இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றுவிட்டதை ஒட்டி, அதற்குத் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். உதவியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரை விடுத்து, அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தம்மைத் தெரிந்துவிடும்.

இந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டெய்னரில் அடைத்துவிட்டால் மென்பொருள் எங்கும் ஒரே மாதிரி ஓடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. கண்டெய்னர் தனக்கென்று ஒரு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, சுமந்துகொண்டு வருவதில்லை. தான் ஓடும் கணினியின் கெர்னலையே அது பகிர்ந்துகொள்கிறது. லினக்ஸ் கண்டெய்னரை மேக்கிலோ விண்டோஸிலோ ஓட்டும்போது இடையில், மென்பொருளாலேயே உருவாகும் ஒரு மெய்நிகர் லினக்ஸ் கணினி புகுந்துகொள்கிறது. கோப்புகள் அந்த எல்லையைத் தாண்டிப் போய்வரும்போது உரிமையாளர் எண், அனுமதி, பெயர் எழுத்துகள் என எது வேண்டுமானாலும் மாறிப்போகலாம். மற்ற மென்பொருள்களுக்கு இது எரிச்சலோடு போய்விடும். காப்பு எடுக்கும் கருவிக்கோ இதுவே உயிர்ப் பிரச்சினை.

அதை எங்களுக்கு முதலில் உணர்த்தியவர்கள் கொருக்குப்பேட்டையில் அச்சகம் நடத்தும் இரு சகோதரர்கள். தங்கள் கணக்கு மென்பொருளின் காப்பை மேக் கணினியில் மீட்டுப் பார்த்த ஒத்திகையின்போது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரிந்து நின்ற இரு கோப்புகள் ஒன்றாகிவிட்டதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். மேக்கின் கோப்பு முறைமை வழக்கமான அமைப்பில் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பதே காரணம். வேறொருவராக இருந்தால் கருவியைத் தூக்கி எறிந்திருப்பார். இவர்களோ கோப்புப் பட்டியல், கொடுத்த கட்டளை, வந்த வெளியீடு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பினார்கள். அந்த அறிக்கையை அப்படியே ஒரு சோதனையாக மாற்றினோம். இன்றும் மேக்கில் ஓடும் சோதனை வரிசையில் முதலில் ஓடுவது அதுதான். அச்சுப் பிழை பார்த்துப் பழகிய கண்களுக்கு எங்கள் முதல் நன்றி.

அந்தச் சோதனையை ஓட்டுவதற்கு ஒரு மேக் வேண்டுமே என்பது அடுத்த சிக்கலாயிற்று. நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் போன்ற சேவைகள் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு மேக் கணினிகளை இலவசமாகத் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆர்ம் மேக்குகளே மெய்நிகர் கணினிகளாக இருப்பதால், கண்டெய்னருக்குத் தேவையான லினக்ஸ் மெய்நிகர் கணினியை அவற்றுக்குள் மீண்டும் ஒருமுறை கிளப்ப முடிவதில்லை. எம்1, எம்2 சில்லுகளில் அவ்வாறு ஒன்றினுள் ஒன்றாக மெய்நிகராக்குவதற்கு மேக் இயங்குதளம் இடம் தருவதில்லை; எம்3 சில்லும் மேக் இயங்குதளத்தின் 15ஆம் பதிப்பும் சேர்ந்த பிறகே ஆப்பிள் அதற்கு வழி திறந்தது. கையில் தொடக்கூடிய ஒரு மேக்கை மேசையில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் நாங்கள் விலை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், திருவொற்றியூரில் விளம்பரப் பலகைகளை வடிவமைத்துத் தரும் அக்கா ஒருவர், தம் கடையில் புதிய கணினி வந்ததும் பழைய எம்1 மேக் மினியை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் நேரே வந்துவிட்டார். கடன் பத்திரமாக ஒரு தாளாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "கெட்டுப்போனா சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா, அது கெடவில்லை. இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அறை, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா அவர்களுடையது. வாடகை என்று நாங்கள் கொடுக்க முயன்றதை மின்கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியும், காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்றும் கணினி விசிறிகளை என்ன பாடு படுத்தும் என்பதை எங்களுக்கு முன்பே யோசித்தவர் அவர்தான். இரும்புக் கோணச் சட்டங்களைத் தாமே வெட்டிப் பற்றவைத்து ஓர் அடுக்கு செய்து, சன்னலுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டித் துணியும் பொருத்தினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோது, எங்களில் ஒருவரும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. ஐயாவே மின்சாரத்தை நிறுத்தி, யு.பி.எஸ். பெட்டிகளைத் தரையிலிருந்து கட்டிலின் மேல் தூக்கி வைத்துவிட்டு, பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். புவியிணைப்பு சரியில்லாமல் இருந்ததைக் கண்டுபிடித்து, புதிய கம்பி இறக்கிக் கொடுத்த மூலக்கொத்தளத்து மின்பணி அண்ணனையும் இங்கேயே வணங்குகிறேன். அதற்கு முன்பு காரணமின்றி நின்றுபோன ராஸ்பெர்ரி பை என்னும் சின்னஞ்சிறு கணினிகள் அதன் பிறகு அப்படி நிற்கவில்லை.

இனிச் சொல்லப்போவது வியாசர்பாடியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பொறியியல் மாணவியைப் பற்றி. இந்த மடலில் அவருக்குச் சற்று அதிக இடம் கொடுக்கிறேன்; மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தானியங்கிச் சோதனை அமைத்த எவருக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. ஒரு சோதனை சில நேரம் தேறும், சில நேரம் தவறும். தவறினால் மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் தேறியதற்கான பச்சை வந்துவிடும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆர்ம் செயலிக்கான சோதனைகளில் ஒரு பகுதியை, கியூஎமு என்னும் போன்மமாக்கி வழியாக இன்டெல் கணினியிலேயே ஓட்டிவந்தோம். பிற செயலியின் கட்டளைகளை அது ஓடும்போதே பெயர்த்துத் தருவதால் வேகம் வெகுவாகக் குறையும். அங்கேதான் இந்த நோய் அதிகம். போன்மமாக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, வந்து சேர்ந்து அதிக நாள் ஆகாத அந்த மாணவி, மறுபடி ஓட்டுவதற்கு முன் காரணத்தை ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று விதி வைக்கலாமா என்று கேட்டார். விதி வைத்தோம். அதற்குப் பிறகு காரணம் எழுத முடியாத ஒவ்வொரு சிவப்பையும் அவரே எடுத்துக்கொண்டு, பதிவு வரிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

அப்படிப் படித்ததில் வெளிப்பட்டவை போன்மமாக்கத்தின் குறைகள் அல்ல. தரவுத்தள கண்டெய்னரைக் கிளப்பிவிட்டுச் சில நொடிகள் உறங்கி, பிறகு கேள்வி கேட்கும்படி பல சோதனைகள் எழுதப்பட்டிருந்தன. வேகமான கணினியில் தரவுத்தளம் அதற்குள் எழுந்துவிடும், மெதுவான கணினியில் எழாது என்பதே மர்மம் முழுவதும். உறங்கும் வரிகளையெல்லாம் அவர் நீக்கிவிட்டு, தரவுத்தளம் தயார் என்று தானே பதில் சொல்லும்வரை விட்டுவிட்டுக் கேட்கும்படி மாற்றினார். மெதுவான பழைய கணினி வைத்திருக்கும் எங்கள் பயனர்களில் சிலர் காரணம் சொல்ல முடியாமல் சொல்லிவந்த குறையும் அத்தோடு தீர்ந்தது. அதே வகைக் காத்திருப்பு எங்கள் கருவிக்குள்ளும் இருந்ததை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

ராஸ்பெர்ரி பை விவகாரம் இன்னும் சுவையானது. காப்பைச் சுருக்கும் வேலையை எங்கள் கருவி நினைவக வரம்பு விதித்த ஒரு கண்டெய்னருக்குள் செய்கிறது. வரம்பை மீறினால் கெர்னல் அதை நிறுத்திவிட வேண்டும், வெளியேறும் எண் 137 ஆக இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை உண்டு. மற்ற எல்லாக் கணினிகளிலும் தேறிய அந்தச் சோதனை ராஸ்பெர்ரி பையில் மட்டும் தவறியது. வரம்பை மீறிய கண்டெய்னர் அங்கே சாகாமல் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணினியின் இயங்குதளத்தில் நினைவகத்தைக் கணக்கிடும் சிகுரூப் வசதி தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதும், அப்போது டாக்கர் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு வரம்பைக் கைவிட்டுவிடும் என்பதும், அந்த எச்சரிக்கை வரியை அவர் படித்துச் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரியவந்தது. கணினி கிளம்பும்போது படிக்கும் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் சோதனை தேறிவிட்டது. அவர் அத்தோடு விடவில்லை: பயனரின் கணினியில் இந்த வசதி இல்லையென்றால் கருவியே அதை முன்கூட்டிச் சொல்லும்படியும் எழுதிச் சேர்த்தார். தம்மை இப்படிப் புகழ்ந்தால் பிடிக்காது என்பது தெரியும். ஆனாலும் எங்கள் பச்சை நிறத்தை இன்று நம்ப முடிகிறதென்றால், அதற்கு அவர் முக்கியக் காரணம்.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் கணினி நிர்வாகியாக இருக்கும் நண்பர், தம் வார விடுமுறைகளை ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையில் ஓடும் சோதனை வரிசைக்குத் தந்தார். சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பை 2019இல் வெளிவந்த ஃபெடோரா 31 வழக்கமான அமைப்பாக ஏற்றது. மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டு 2021இல்தான் அதற்கு மாறியது. நினைவக வரம்பு எழுதப்படும் கோப்பின் பெயரே இரு பதிப்புகளிலும் வேறு என்பதால் இரண்டு வகைக் கணினிகளையும் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. எஸ்இலினக்ஸ் என்னும் லினக்ஸ் பாதுகாப்புக் காவல் கண்டெய்னரைக் கோப்பைத் தொடவிடாமல் தடுத்தபோது, காவலையே அணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனை எழுந்தது. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. பயனர் அணைக்காத ஒன்றை நாம் அணைத்துவிட்டுத் தேறியதாகச் சொல்வது எப்படிச் சரியாகும் என்பது அவருடைய வாதம். கோப்புறைகளுக்குப் புதிய அடையாளக் குறி இடும் வழியை அவர் கற்றுத் தந்தார். அதைப் பயனரின் வீட்டுக் கோப்புறை முழுவதற்கும் இட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே தந்தார்.

விண்டோஸ் பக்கம் தண்டையார்பேட்டையில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ஆசிரியருக்குக் கடன்பட்டிருக்கிறோம். வகுப்புகள் முடிந்த பிறகு ஆய்வகக் கணினிகளை எங்களுக்குத் திறந்துவிட்டார். கோப்பு கண்முன்னே இருக்க, அப்படிக் கோப்பே இல்லை என்று கண்டெய்னர் சாதித்த விந்தைக்கு, விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தே காரணம் என்று பார்த்தவுடன் சொன்னவரும் அவரே.

ராயபுரத்தில் கேபிள் இணைய இணைப்பு தரும் தம்பிக்கும் நன்றி. 2020 நவம்பர் முதல், கண்டெய்னர்களை உருவாக்க உதவும் இமேஜ் கோப்புகளை வழங்கும் டாக்கர் ஹப், கணக்கில் நுழையாதவர்கள் ஆறு மணி நேரத்துக்கு நூறு முறைதான் இமேஜ்களை இறக்கலாம் என்று ஓர் இணைய முகவரிக்கு இவ்வளவு எனக் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. அறையில் உள்ள எல்லாக் கணினிகளும் ஒரே முகவரியிலிருந்து கேட்பதால் நடு இரவில் வரம்பு தீர்ந்துவிடும். ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைத்து மற்றவற்றுக்கு வழங்கும் இடைநிலைப் பதிவகம் ஒன்றை, அவர் கொடுத்த பழைய வன்தட்டில் அமைத்தோம்.

சிங்கப்பூரில் பணிபுரியும், எங்கள் பேட்டையிலேயே வளர்ந்த பொறியாளர் ஒருவர் செய்த உதவி வெளியில் தெரியாத வகையைச் சேர்ந்தது. பொது நிரல் களஞ்சியத்தோடு சொந்தக் கணினியை இணைத்தால், முன்பின் தெரியாத ஒருவர் திருத்தம் என்ற பெயரில் அனுப்பும் நிரல் நம் அறைக்குள் வந்து ஓடும். கிட்ஹப்பே அவ்வாறு இணைப்பதற்கு எதிராக எச்சரிக்கிறது. அவர் வலியுறுத்தியதால், புதியவர்களின் திருத்தங்கள் குழுவில் ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே இங்கே ஓடுகின்றன. ஓட்டம் முடிந்ததும் லினக்ஸ் மெய்நிகர் கணினி அழிக்கப்படுகிறது. வெளியீடு எங்களுடையதே என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவி அறையின் எந்தக் கணினியிலும் இல்லை. எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட்டாமல், பகலில் லினக்ஸின் சில வரிசைகளையும் இரவில் முழுப் பட்டியலையும் ஓட்டலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். மின்கட்டணம் அதனால் கட்டுக்குள் நிற்கிறது.

யு.பி.எஸ். மின்கலங்களுக்குப் பணம் அனுப்பியவர்களுக்குத் தனித்தனியே ரசீது அனுப்பிவிட்டோம். 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய கியூஎமுவை இன்றுவரை வளர்த்துவருகிறவர்களுக்கும், பாட்மேன், கண்டெய்னரைக் கிளப்பும் ரன்சி, சோதனைகளை எழுத உதவும் பேட்ஸ் ஆகிய திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கும் தமிழில் எழுதும் இந்த மடல் சென்று சேராது. அவர்களுக்கு அவரவர் வழியில் எழுதியிருக்கிறோம்.

அடுத்த வெளியீட்டோடு, உதவியவர்களின் பட்டியலைக் கொண்ட ஒரு கோப்பையும் களஞ்சியத்தில் சேர்க்க விரும்புகிறோம். பெயர் வேண்டாம் என்றவர்கள் மனம் மாறினால், எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் இட வேண்டும் என்பதை ஐயாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாறாதவர்களுக்கு ஊர்ப்பெயரை மட்டும் இடுகிறோம். மேக் மினியைத் திரும்பப் பெற நினைக்கும் நாளில் திருவொற்றியூர் அக்கா ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும், மாற்று ஏற்பாடு செய்துவிடுவோம்.

மிக்க நன்றியுடன்,
பராமரிப்புக் குழுவின் சார்பில்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை