வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு…

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையரங்கில் நன்றாக ஓடிய படம் ஒன்று டிவிடியில் படுத்துவிட்டதைப் பற்றி சென்ற இதழில் எழுதிய உங்கள் கட்டுரையாளர், ‘காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நம் ரசிகனுக்கு இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு வழங்கிவிட்டார். மிக்க நன்றி. அலமாரி கொள்ளாமல் ஒரிஜினல் டிஸ்க் வாங்கி அடுக்கி, அதற்காக வீட்டில் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் எந்தக் கணக்கில் வருகிறோம் என்பதையும் அவர் சொல்லியிருந்தால் தேவலை.

அந்தப் படத்துக்காக நானும் அலைந்தவன்தான். ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது டிஸ்க் கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம் “வரும் சார், வரும்” என்றார்கள். பேச்சு ஆறி, அடுத்தடுத்த படங்கள் வந்து எல்லோரும் மறந்த பிறகு வந்தது. அதுவும் ஒரு கடையில் இருந்தால் ஒன்பது கடையில் இல்லை. ஒருவழியாகக் கிடைத்ததைப் பிரித்துப் போட்டால், மெனுவில் ‘மொழி’ என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். ஒரே ஒரு மொழி, அதுவும் டப்பிங். நடிகர் பேசிய சொந்தக் குரல் எங்கே என்று அட்டையின் பின்பக்கத்து எறும்பெழுத்தில் தேடினேன். வாங்கிய விருதுகளின் பட்டியல் இருந்தது. என்னென்ன மொழி என்பது மட்டும் இல்லை.

இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு டிவிடியில் 8 ஒலித்தடமும் 32 சப்டைட்டில் தடமும் வைக்க வழியுண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. எழுத்துரு கிடைக்கவில்லை என்ற சாக்கும் எடுபடாது. டிவிடியில் சப்டைட்டில் படமாகத்தான் பதிகிறது. எந்த மொழி எழுத்தையும் அதில் ஏற்றலாம். மிச்சம் பிடித்தது ஒரு மொழிபெயர்ப்பாளரின் கூலி. அதற்கு வாங்குகிறவனையே விட்டுக்கொடுத்தாயிற்று.

என் மாமனாருக்குக் காது மந்தம். அவருடைய தாய்மொழிப் படத்தையே எழுத்து இருந்தால்தான் தொடர முடியும். அந்த மொழிக்காரனுக்கு அந்த மொழியிலேயே எதற்கு சப்டைட்டில் என்று நினைக்கிறார்கள் போலும், அதை மட்டும் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் சிரிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பார். கட்டுரையாளரின் ‘பழக்கமில்லாத ரசிகர்’ கூட்டத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

ரீஜன் கோட் கூத்து தனி. உலகத்தை 6 வட்டாரமாகப் பங்குபோட்டு, ஒன்றில் விற்றது இன்னொன்றில் ஓடக்கூடாது என்று பூட்டு. உறவுக்காரர் வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த டிஸ்க்கை என் பிளேயர் துப்பிவிட்டது. காசு கொடுத்தவனுக்கு இந்த மரியாதை. திருட்டு டிஸ்க்கோ பெரும்பாலும் எந்தப் பெட்டியிலும் ஓடுகிறது.

2001-இல் ஹாங்காங்கில் வெளியான ‘ஷாவோலின் சாக்கர்’ அமெரிக்கத் திரையரங்குக்குப் போய்ச் சேர்ந்தது 2004-இல். அதற்குள் ஆசைப்பட்டவர்கள் ஹாங்காங் டிஸ்க்கையே வரவழைத்துப் பார்த்துவிட்டார்கள். காசு கொடுக்கத்தான் செய்தார்கள் ஐயா, வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற ஸ்வீடன் படம் 2009-இல் அமெரிக்காவில் டிஸ்க்காக வந்தபோது, திரையரங்கில் ஓடிய சப்டைட்டிலைத் தூக்கிவிட்டு மட்டமான ஒன்றைப் போட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் விடவில்லை. இனி அச்சாகும் டிஸ்க்குகளில் பழையதையே சேர்ப்பதாக வெளியீட்டாளர் இறங்கிவர வேண்டியதாயிற்று. சப்டைட்டிலுக்காக மல்லுக்கு நின்றவர்களா காசு கொடுக்காதவர்கள்?

முதலில் வெறும் படத்தை விற்று, கொஞ்ச நாள் கழித்து அதையே ‘சிறப்புப் பதிப்பு’ என்று மறுபடியும் என் தலையில் கட்டிய கதை வேறு இருக்கிறது. அதை இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்க் விமர்சனத்தில் நட்சத்திரக் குறிகளுக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்: ஒலி எந்த மொழி, சப்டைட்டில் எந்த மொழி, ரீஜன் எது. கட்டுரையாளரிடம் உள்ள அந்தப் படத்தின் டிஸ்க்கிலிருந்தே தொடங்கலாம். அவர் வாங்கியிருப்பார் அல்லவா?

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்