தொண்டையைப் பார்த்துக்கொள், கண்ணம்மா

கண்ணம்மாவுக்கு,

நம் ஜார்ஜியாவின் பிளம் சட்னி, த்கெமாலி, மூன்று பாட்டில் அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா? பெர்லினில் குளிர் தொடங்கியிருக்கும். பாடி முடித்த சூட்டோடு பச்சைத் தண்ணீர் குடிக்காதே. தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன் பாட்டைக் கேட்டேன். குத்தாயிசி நகரத்துக்குப் போகிற மார்ஷ்ருத்கா வேனில் டிரைவர் போட்டிருந்தான். "பாடுவது என் பெண்" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். சோங்குரித் தந்தியும் மூன்று குரலுமாக "இயாவ் நானா, வர்தோ நானா" என்று நம் பழைய தாலாட்டை நீ எடுத்தபோது வண்டியில் யாரும் பேசவில்லை. அப்புறம் டிரம்ஸ். தாலாட்டுக்கு எதற்கடி டிரம்ஸ்? தூங்குகிற பிள்ளையும் எழுந்துவிடுமே. ஆனாலும் "தூங்கு, என் நாடே" என்று குரலை இறக்கினாயே, அங்கே எனக்கு நெஞ்சை அடைத்தது. தெதா எனா அரிச்சுவடியின் முதல் பக்கத்தில் "ஆயி இயா" என்று எழுத்துக்கூட்டிய வாயா இது!

எல்லாரும் இதை நம் நாட்டைப் பற்றிய பாட்டு என்கிறார்கள். கோகெபாஷ்விலி எழுதிய கதையில் கடத்திப்போன இடத்தில் தாய்மொழிப் பேச்சே மறந்துபோன கெத்தோவுக்கு, தாய் பாடிய இந்தத் தாலாட்டில்தானே எல்லாம் திரும்பி வந்தது, அவளை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு மூன்றாவது அடிதான் உறுத்துகிறது. "கடல் தாண்டிப் போன தாயே" என்று எழுதியிருக்கிறாய். நாட்டைத்தான் சொல்கிறாயாம். நாடு எங்கேயடி கடல் தாண்டும்?

2001-இல் உனக்குத் தட்டம்மை. நான் தெசலோனிக்கியில் யாரோ ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இங்கே பாட்டி விளக்கில் சிவப்புத் துணி கட்டி, கட்டிலைச் சுற்றிப் பூ வைத்து, அம்மை கொண்டுவரும் பதோனெபி தேவதைகள் கோபிக்காமல் போகட்டும் என்று விடிய விடியப் பாடினாள். போனில் கேட்டேன். பாதியில் கார்டு தீர்ந்தது. இன்னொரு கார்டு வாங்கக் கையில் பணம் இருந்தது, கண்ணம்மா. வாங்கவில்லை. நீ அழுவதைக் கேட்கப் பயம். அந்தக் கிழவிக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் இதே பாட்டைப் பாடினேன். உனக்கு ஒரு நாளும் பாடியதில்லை.

கூரை, உன் இசைப் பள்ளிக் கட்டணம் என்று இத்தனை வருஷமாகக் கணக்குச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. திட்டுவதானாலும் எடுத்துத் திட்டு. பச்சைத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

அம்மா