கட்டு அவிழ்த்துக் கொடுத்தவர்களுக்கு

அன்பு வணக்கம்.

இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பிறர் வீட்டு வம்சாவளியைத் தேடிக்கொண்டிருந்த நான், இந்தத் தை மாதத்தோடு அந்த வேலையை நிறுத்திவிட்டேன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. மங்கிய மைக்கு இனி இந்தக் கண்கள் ஈடுகொடுக்காது. கடன்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையைச் சாத்துவது முறையல்ல என்பதால் இந்த மடல்.

என்னைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இறங்கினார்கள். கப்பல் பட்டியலில் தலைக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். அதைத் தமிழாக்குவதுதான் என் வேலையில் முக்கால் பங்கு.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசியும் கரப்பான் எச்சமுமாகக் கட்டுகளைச் சுமந்து வந்து, நாடாவை அவிழ்த்து என் முன்னால் வைத்த உதவியாளர்களுக்கு முதல் நன்றி. "அம்மா, இது பொடிந்துவிடும், நானே புரட்டுகிறேன்" என்று பக்கத்தில் நின்ற ஒருவரை மறக்க முடியாது. வேறோர் அலுவலகத்தில் ஒரே பதிவேட்டுக்காக ஏழு முறை "நாளைக்கு வாருங்கள்" கேட்டேன். அவர்களுக்கும் ஒரு கும்பிடு. பொறுமை அங்கேதான் கற்றது.

முன்பின் தெரியாத எனக்குத் திண்ணையில் இடம் கொடுத்து, மோர் கொடுத்து, தாத்தா காலத்துக் கணக்கு நோட்டைப் பரண்மேலிருந்து இறக்கிய பழைய கர்ணம் வீட்டார்கள், ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து காட்டிய பாதிரியார்கள், "அந்தக் குலதெய்வத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் பங்காளிகள் மட்டும்தான் படையல் போடுவார்கள்" என்று சொல்லி ஒரே வாக்கியத்தில் இரண்டு வருடத் தேடலை முடித்துவைத்த பாட்டி, எல்லோருக்கும் நன்றி. நான் ஊர் ஊராகப் போன நாட்களில் என் மகனுக்குச் சோறு ஊட்டிய மாமியாருக்கு நன்றி சொல்ல அவர் இப்போது இல்லை.

இனி என் கணவர். ரயில்வே அஞ்சல் பிரிவில் இருந்தவர். இரவு முழுவதும் ஓடும் ரயிலில் நின்றபடி, எந்த ஊர்க் கடிதம் எந்தப் பைக்கு என்று தபால் பிரித்தவர். சரித்திரப் புத்தகம் ஒன்றுகூடத் தொட்டதில்லை. "செத்தவர்களுக்கு விலாசம் தேடுகிறாயே, உயிரோடு இருப்பவனுக்கு ரசம் வைக்கக் கூடாதா?" என்பார். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். ஒருமுறை என் பயணச் செலவைப் பற்றி வாக்குவாதம் முற்றி, மூன்று மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டர்பனிலிருந்து ஓர் அம்மையாரின் கடிதம் வந்தது. கொள்ளுப்பாட்டியின் ஊர் வேண்டும். பட்டியலில் ஜில்லாப் பத்தி பூச்சி அரித்துப் போயிருந்தது. தாலுகா 'ட்ரிவட்டூர்' என்றிருந்தது. பழைய காகிதங்களில் சென்னைத் திருவொற்றியூரை அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நான் வெயிலில் திருவொற்றியூர் தெருத்தெருவாக அலைந்தேன். கிராமத்தின் பெயர் 'அனகவூர்'. கடல் கொண்டுபோன ஏதோ குப்பம் என்று முடிவுகட்டி அழகாகக் குறிப்பும் எழுதிவைத்தேன்.

மறுநாள் காலை என் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. நீல மை, சாய்ந்த எழுத்து: "ஒற்றியூர் அல்ல, திருவோத்தூர். அனக்காவூர் என்றால் செய்யாறு பை."

அவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை. அந்த வாரமே செய்யாறு பஸ் ஏறினேன். கொள்ளுப்பாட்டியின் அண்ணன் வழிப் பேரன் அதே தெருவில் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்டியலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. நான் எழுத்துக் கூட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பையில் போகும் என்று யோசிப்பார். வாண்டிவாஷ் வந்தவாசி ஆகும், போளூருக்கும் ஆரணிக்கும் நடுவில் எங்கோ ஒரு நல்லூர் அகப்படும்.

கல்யாணத்தைப் பற்றி இந்தக் காகிதங்கள் எனக்குக் காட்டியது இனிப்பானதல்ல. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் அங்கே செல்லாதவை ஆயின. மஞ்சள் கயிறு கட்டிக் குடும்பம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை. அதையும் எதிர்த்து அங்குள்ள இந்தியர்கள் நடத்திய போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் நம் ஊர்ப் பதிவேடுகளில் பெண் எப்போது இருந்தாள்? கூலிக் கப்பல் பட்டியல் அவளுக்குத் தனி எண்ணும் தகப்பன் பெயரும் ஊரும் கொடுத்தது. நாங்கள் வீட்டில் எழுதிவைத்த வம்சாவளியிலோ மகன்கள் மட்டும்தான். கல்யாணமான பெண்ணுக்குக் குலதெய்வம்கூட மாறிவிடுகிறது. "ரீடைரக்ட் ஆன கடிதம்" என்பார் என் கணவர். "ஆனாலும் பழைய விலாசத்தை அடிக்கும்போது, வாசிக்கிற மாதிரி ஒரே கோடுதான் போட வேண்டும். அது எங்கள் வழக்கம்."

நான் தயாரித்த வம்சாவளிகளில் மருமகள்களின் பிறந்த ஊரையும் சேர்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். இதற்காக என்னோடு சண்டை போட்ட சில குடும்பங்களுக்கும் நன்றி; கடைசியில் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த மடலை அனுப்புவதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்தார். ஊர்ப் பெயர் எதிலும் கை வைக்கவில்லை. "மூன்று மாதம்" என்ற இடத்தில் மட்டும் ஒரே கோடு போட்டு, மேலே "பத்தொன்பது நாள்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.