பைபாஸுக்கு நாள் குறித்த பின் வீணாகும் வாரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அவசரமில்லாத பைபாஸ், இதய வால்வு அறுவைச் சிகிச்சைகளுக்கு நாள் குறித்துக் கொடுத்த பின், அந்த நாள் வரும்வரை நோயாளி பெரும்பாலும் வீட்டில் சும்மாவே இருக்கிறார். காப்பீட்டு ஒப்புதலுக்கும் இரத்தம் கொடுக்க ஆள் தேடுவதற்கும் குடும்பத்தார் அலைந்துகொண்டிருக்க, அவரை மட்டும் அசையவிடாமல் கட்டிலிலேயே கிடத்திவிடுகிறார்கள். இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்த வாரங்களைப் பற்றி எழுதுகிறேன்.

நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் அறுவைக்குப் பின் வலியினால் ஆழமாக மூச்சிழுக்கவோ இருமவோ முடியாது. சளி நுரையீரலின் அடிப்பகுதியில் தேங்கி நிமோனியாவுக்கு வழிவகுக்கும். இதைத் தடுக்கத்தான் மூன்று பந்துகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கொடுக்கிறார்கள். அதைப் பலர் முதன்முதலாகக் கையில் எடுப்பதே அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும்போதுதான். உள்ளிழுக்க வேண்டிய கருவியை ஊதிக்கொண்டிருப்பவர்களே அதிகம். வலியிலும் மயக்கத்திலும் இருப்பவருக்கு அதைப் புரியவைப்பது எளிதன்று. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சிக்கலுக்கு அதிக வாய்ப்புள்ள பைபாஸ் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு, அறுவைக்கு முன் குறைந்தது 2 வாரம், நாள்தோறும் 20 நிமிடம் மூச்சுத் தசைகளுக்குப் பயிற்சி அளித்தார்கள் (கருவி வேறு வகை, மூச்சிழுக்கும்போது எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போவது). அவர்களில் 18 விழுக்காட்டினருக்கே நுரையீரல் சிக்கல் வந்தது; பயிற்சி பெறாதவர்களில் அது 35 விழுக்காடு.

அறுவைக்கு முன் செய்யும் நடைப்பயிற்சி எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. இதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் இடது முதன்மைத் தமனியில் அடைப்புள்ளவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், பெருந்தமனி வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வழியிலுள்ள வால்வு) மிகவும் சுருங்கியவர்கள் ஆகியோர் இதய மருத்துவரைக் கேளாமல் நடையைக் கூட்டக் கூடாது.

மருத்துவ ஆயத்தமும் இந்த வாரங்களுக்குள்தான் முடிய வேண்டும். புகைப்பதைக் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்தினால்தான் தக்க பலன் கிடைக்கும். இரத்தசோகையைச் சரிசெய்யவும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் குறைக்கவும் கால அவகாசம் தேவை. வால்வு மாற்றுபவர்களுக்குச் சொத்தைப் பல் இருந்தால் அதற்கு முன்பே கவனித்துவிட வேண்டும், ஏனெனில் வாயிலுள்ள கிருமி புதிய வால்வைத் தொற்றலாம். மாத்திரை விஷயத்தில்தான் குழப்பம் மிகுதி. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளில், ஆஸ்பிரினைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். குளோபிடோக்ரலை அறுவைக்கு 5 நாளுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை 3 நாளுக்கு முன்பே நிறுத்தாவிட்டால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இவற்றையெல்லாம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், பதற்றத்தில் இருக்கும் குடும்பம் ஒன்றை நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எந்த மாத்திரை எந்தத் தேதியோடு நிற்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைக்கு ஒப்புதல் கிடைத்தவுடன் நோயாளியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் செல்லுமாறு செய்தால், அதே இயன்முறை மருத்துவர் அறுவைக்கு முன்பே அந்த வீட்டுக்குச் செல்ல முடியும். இதைச் சுகாதாரத் துறை பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
தஞ்சாவூர்.