திங்கட்கிழமைப் பானை: அக்காவுக்கு

அக்கா,

விடிந்தால் அப்பாவுக்கு வருஷத் திதி. இன்று திங்கட்கிழமை, மெக்சிகோவின் இந்த மெரிடாவில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஃப்ரிஹோல் கோன் புவெர்கோ மணம்தான், கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் சேர்ந்து வேகிற மணம். ஒரு வருஷமாக அதைத் தொடாமல் இருந்தேன். இன்று சமைத்துவிட்டேன்.

லூகாஸ் தே கால்வெஸ் சந்தையில் அரை கிலோ கறுப்பு பீன்ஸ், முக்கால் கிலோ பன்றி விலா, ஒரு கட்டு எபாசோத்தே வாங்கினேன். அந்தத் தழையைக் கிள்ளியதும் மண்ணெண்ணெய் மாதிரி அதே வாடை. கையைக் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் துணி துவைக்கிற நாள், பானை தன்பாட்டுக்கு வேகும், அதனால்தான் இது திங்கள் சமையல் என்பார்கள் இந்த ஊரில். அன்று நீ துணியைத் தொடவில்லை. பானையை விட்டும் நகரவில்லை. நான் அதையாவது கவனித்திருக்க வேண்டும். பக்கத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டு என்னென்னவோ பேசிச் சிரித்தேன். நீ தக்காளியைச் சுட்டு மசித்தாய், பீன்ஸ் சாற்றிலேயே சோறு வடித்தாய், என் தட்டில் எலுமிச்சையும் பிழிந்தாய். விதையைக்கூட எடுத்துப் போட்டாய். நான் கை கழுவி வந்த பிறகுதான் சொன்னாய்.

போன் வந்தது காலை எட்டரைக்கு. அங்கே நம் ஊரில் இரவு எட்டு.

சேதி தெரிந்தால் நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன், ஒன்றரை நாள் பயணத்தில் மயங்கி விழுவேன் என்று பயந்திருக்கிறாய். இப்போது புரிகிறது. கல்நெஞ்சுக்காரி என்று சொன்னதற்கு மன்னித்துவிடு. ஆனால் அப்பா போனது தெரியாமல் நான் சிரித்த அந்த ஐந்து மணி நேரத்தை உன்னால் திருப்பித் தர முடியுமா? கறி வேறு தின்ன வைத்தாய். எனக்காக முடிவெடுக்க உன்னை யார் கேட்டது?

நீ ஏன் இங்கே திரும்பி வரவில்லை என்பதை எழுதமாட்டேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அம்மாவோடு இருக்கிறாய், அது போதும்.

பீன்ஸ் பாதி வெந்த பிறகுதான் கறியைப் போட்டேன், உப்பு கடைசியில், நீ சொன்னபடியே. சாறு உன் கைப்பக்குவத்துக்குக் கெட்டியாகவில்லை. சோறு மட்டும் நன்றாகக் கறுத்திருக்கிறது.

அங்கே திதி முடியும்போது இங்கே இன்று ராத்திரி பத்தரை ஆகியிருக்கும். கூப்பிடு அக்கா. இந்தத் தடவை எடுக்கிறேன்.