லாரிக் க்ரூ போகும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அக்டோபரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைகளில் உள்ள லாரிக் க்ரூ கணவாயை நடந்தே கடக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். வேண்டாம் என்று தடுக்க எழுதவில்லை. நானும் அப்பாவும் நடந்த பாதை அது. போனில் ஆரம்பித்தால் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது.

போகத் தகுந்த மாதம் அதுதான். கோடையில் பிடுங்கியெடுக்கும் பொடிக்கொசு இருக்காது. காய்லம்பிரிட்ஜிலிருந்து கிளம்பினால் முதலில் ராத்திமர்கஸ் பைன் காடு வரும். நடுநடுவே பிர்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்கும். செம்மான்கள் இணை சேரும் காலம் என்பதால் ஆண் மான்களின் குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், தொண்டை கட்டிய காளை கத்துவது போல. நின்று கேளுங்கள். அதற்காகவே இன்னொரு முறை போகலாம் என்று எனக்கு இருக்கிறது.

மரங்கள் முடிந்த இடத்தில் காற்று ஆரம்பிக்கும். பக்கத்தில் உள்ள கேர்ன் கார்ம் சிகரத்தில் 1986 மார்ச்சில் மணிக்கு 278 கிலோமீட்டர் வேகம் பதிவாகியிருக்கிறது. அப்படி எல்லா நாளும் அடிக்காது. ஆனால் கணவாயின் இருபுறமும் மலை நெருக்கி நிற்பதால், மேலே சாதாரணமாக வீசும் காற்றுகூட அந்த இடுக்கில் பலமாகிவிடும். உச்சி 835 மீட்டர்தான். அங்கே சரியான பாதை கிடையாது, பாறைக் குவியல் மேல் கால் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

நாங்கள் போன அன்று சாரலும் காற்றும் முகத்துக்கு நேரே வந்தன. பூல்ஸ் ஆஃப் டீ குளங்களைத் தாண்டி ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். அப்பா பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். விரல்கள் மூடியைச் சுற்றி வந்தன, பிடிக்கவில்லை. குளிருதா என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். அந்த ஒரு சொல்லே குழறியது. உடனே அவருடைய ஈரக் கையுறையை உருவிவிட்டு என்னிடமிருந்த காய்ந்த ஜோடியை மாட்டினேன். பையில் இருந்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, சர்க்கரை போட்ட டீயைக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாய்க்குழறல் நின்று, எப்போது கிளம்பலாம் என்று அவரே கேட்டார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான் யாழினி. உடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நிதானம் தடுமாற ஆரம்பிக்கும். குளிர் ஏறியது அந்த ஆளுக்கே தெரியாது, நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். கூட வருகிறவர்தான் பார்க்க வேண்டும். காற்றில் பேச்சு கேட்காது, அதனால் ஆளுக்கொரு பக்கம் வேகமாக நடக்கத் தோன்றும். அப்படிப் பிரியாதீர்கள். அவ்வப்போது நின்று முகத்தைப் பாருங்கள், கையைத் தொட்டுப் பாருங்கள். கால் இடறுகிறதா, பதில் தாமதமாக வருகிறதா என்று கவனியுங்கள். மாப்பிள்ளை உன்னிடம் "திரும்பிடலாம்" என்றால் வாக்குவாதம் வேண்டாம், நீ சொன்னாலும் அவர் கேட்கட்டும். 1971 நவம்பரில் கணவாயை ஒட்டிய கேர்ன்கார்ம் மலைமேட்டில், பனிப்புயலில் எடின்பரோவின் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரும் துணைக்குப் போன இளம்பெண்ணும் இறந்துபோனார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த மலைமேடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மொத்தம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிப்பதென்றால் விடியும்போதே கிளம்ப வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்பே போய்விடுங்கள். அன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, காகித வரைபடம், திசைகாட்டி. வழியில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. "register" என்று அவசர உதவி எண்ணான 999-க்கு இப்போதே மெசேஜ் அனுப்பி வை. பேச முடியாத இடத்தில், சிக்னல் துளி கிடைத்தாலும் மெசேஜிலேயே உதவி கேட்கலாம். முடியாவிட்டால் கொரூர் போத்தியில் ஒதுங்கலாம். 1877-ல் மான் காவலருக்காகக் கட்டிய கல்வீடு, யார் வேண்டுமானாலும் தங்கலாம். சின்னதுதான், இடம் நிச்சயம் இல்லை. கூடாரம் எடுத்துப் போங்கள்.

பாதை முடியும் லின் ஆஃப் டீயிலிருந்து பஸ் கிடையாது, பக்கத்து ஊரான பிரேமார் இன்னும் பத்து கிலோமீட்டர். நடக்க வேண்டாம். அபர்டீனிலிருந்து நாங்கள் காரில் வந்து கார் பார்க்கிங்கில் நிற்கிறோம். எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் வருவீர்கள், எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லலாம் என்பதை எழுதி அனுப்பு. அப்பா சாம்பார் சாதம் கட்டி எடுத்து வருவதாக இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
அம்மா