எங்க வீட்டு வாலுக்கு தமிழ்ல ஒரு கதை வேணும் சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்தப் பத்தி எழுதறேன். நாங்க அல்சூர்ல இருக்கோம், பொண்ணு மூணாங்கிளாஸ், ஸ்கூல்ல இங்கிலீஷ் கன்னடம் ஹிந்தி, தமிழ் வீட்ல மட்டும்தான், எழுத்துக்கூட்டி படிப்பா. போன மாசம் பெவர்லி கிளியரி எழுதின 'பீசஸ் அண்ட் ரமோனா'ன்னு ஒரு புக்கு வந்துச்சு வீட்டுக்கு, 1955ல வந்த அமெரிக்க கதை, தினம் ராத்திரி ஒரு சாப்டர் நான் பாத்து பாத்து தமிழ்ல சொல்லணும்.

அதுல நாலு வயசு ரமோனா, முதல் கடிதான் ருசின்னு பெட்டில இருக்கற ஆப்பிள ஒவ்வொண்ணா எடுத்து ஒரே ஒரு கடி கடிச்சு போட்டுடுவா. மறுநாள் வெள்ளிக்கிழமை, பூஜைக்கு வாங்கி வெச்ச ஒண்ணரை கிலோ கொய்யா, அத்தனையிலயும் ஒரு பல்லு! எங்கம்மா "எச்சில் பண்ணிட்டியேடி பாவி"ன்னு கத்த, எம்பொண்ணு கூலா "நீதான பாட்டி சொன்ன, சபரி கடிச்சு பாத்து குடுத்தத ராமர் சாப்ட்டாருன்னு, சாமிக்கு புளிக்குதான்னு பாத்தேன்"ங்கறா. எங்கம்மாவுக்கு பேச்சே வரல. ரெண்டு நாளா நானும் வீட்டம்மாவும் மிளகாப்பொடி தொட்டு தின்னு தீத்தோம்.

அடுத்து 1968ல வந்த 'ரமோனா த பெஸ்ட்' (தொல்லைங்கற பெஸ்ட் சார், தமிழ்ல எழுதினா சிறந்ததுங்கற பெஸ்டும் இதுவும் ஒண்ணாயிடுது, அதுவும் சரிதான்). டீச்சர் 'இங்க உக்காரு ஃபார் த பிரசன்ட்'னு சொல்ல, கிஃப்ட் தருவாங்கன்னு ரமோனா எழுந்திரிக்காமலே உக்காந்திருப்பா. இங்கதான் மாட்டினேன். 'இப்போதைக்கு'ன்னு சொன்னா கிஃப்ட் எங்கேந்து வரும்? விளக்கி விளக்கி ஜோக்கு செத்துப்போச்சு.

அதனால மொழிபெயர்ப்பு கேக்கல சார். தமிழ்லயே பொறந்த வாலு ஒருத்தி வேணும். அன்னிக்கு எங்கம்மா ஃபோன்ல "என் உசுர வாங்கறா"ன்னு யார்கிட்டயோ சொல்ல, இவ ஓடிவந்து "நான் ஒண்ணும் வாங்கல, எங்கிட்ட காசே இல்ல"ன்னு அழுதா. இத எந்த பாஷைல மாத்துவீங்க?

கிளியரி லைப்ரரில வேல பாத்தப்ப, எங்கள மாதிரி பசங்க கதை எங்கன்னு சின்ன பசங்க கேட்டாங்களாம், அதுலதான் எழுத ஆரம்பிச்சாங்க. உங்க பக்கத்துல தெனாலிராமன், பீர்பால், சிங்கம், நரி எல்லாம் வருது, பாவாட கட்டிட்டு மரமேற ஒரு பொண்ணு வரல. யாராவது நல்லா எழுதறவங்கள புடிச்சு வாரம் ஒரு சாப்டர், கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. முடியறப்போ 'இதனால் அறியும் நீதி' மட்டும் வேண்டாம், அத பாத்தாலே இவ பேப்பர மடிச்சு வெச்சுடறா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு